இறக்குகிறார்கள், மறுநாள் காணோம்: மொபைல் கேமில் ஆள் நிற்க என்ன செய்வது

கொழிஞ்சாம்பாறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் டீக்கடைக்குப் போனால், பின்பக்கத்து பெஞ்சில் நான்கு பேர் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பேச்சு முக்கால்வாசி தமிழ், ஏலம் கேட்பது மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். தோற்ற ஜோடியின் காதில் குணுக்கு தொங்கும். பலா இலையைக் கிழித்துச் சொருகியதோ, பழைய சீட்டை மடித்து மாட்டியதோ, ஏதோ ஒன்று. ஜெயித்தால்தான் கழற்றலாம். கடை சாத்தும் நேரத்திலும் கழற்ற முடியாமல் போனவர் மறுநாள் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு யாரும் மெசேஜ் அனுப்பவில்லை, தினசரி போனஸ் என்று எதுவும் கொடுக்கவில்லை.

அதே இருபத்தெட்டை மொபைல் கேமாகச் செய்து, அந்த நான்கு பேர் போனிலும் நானே ஏற்றிக் கொடுத்தேன். முதல் நாள் நான்கு பேரும் ஆடினார்கள். மறுநாள் ஒருவர். மூன்றாம் நாள் நான் மட்டும்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவர் இருவராக உட்கார்ந்து கேம் செய்கிறவர்களுக்கானது இது. ரிட்டென்ஷனுக்கென்றே, அதாவது வந்த ஆளைத் தக்கவைப்பதற்கென்றே, தனி ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முதலில் எண்ணுங்கள், ஆனால் மொத்தமாக எண்ணாதீர்கள்

"இதுவரை இத்தனை டவுன்லோட்" என்ற எண்ணிக்கை உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நல்லது, வேறு எதற்கும் உதவாது. நமக்கு வேண்டியது டி1, டி7, டி30 என்ற மூன்று எண்கள். இன்று கேமை முதன்முதலாகத் திறந்த நூறு பேரில் நாளைக்குத் திரும்பித் திறந்தவர்கள் எத்தனை பேர், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர், அவ்வளவுதான். ஒரே நாளில் சேர்ந்தவர்களை ஒரு கூட்டமாகக் கட்டி வைத்து, அந்தக் கூட்டம் எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதை கோஹார்ட் கணக்கு என்பார்கள். கூகுளின் ஃபயர்பேஸ் என்ற கருவி இதை இலவசமாகவே காட்டுகிறது, தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் 40, 20, 10 என்று ஒரு வாய்வழிக் கணக்கு பல வருடமாகச் சுற்றுகிறது: டி1 நாற்பது சதவீதம், டி7 இருபது, டி30 பத்து இருந்தால் நல்ல கேம் என்று. அதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மனம் உடைந்து போகாதீர்கள், பெரும்பாலான கேம்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் போன மாதத்துக் கூட்டத்தோடு இந்த மாதத்துக் கூட்டத்தை ஒப்பிடுங்கள், போதும்.

பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. மொழி வாரியாக, போன் வாரியாக, எந்த வழியாக வந்தார்கள் என்பது வாரியாகப் பிரியுங்கள். நண்பர் அனுப்பிய லிங்க்கில் வந்தவரும் விளம்பரத்தைத் தப்பாகத் தொட்டு வந்தவரும் ஒரே ஆள் இல்லை. அப்புறம் நேரம். எங்கள் பக்கத்துக் கேம் என்றால் ஆடுகிறவர்களில் கணிசமானவர்கள் வளைகுடாவில் இருப்பார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் கத்தாரும் இரண்டரை மணி நேரம். நமக்கு இரவு பன்னிரண்டரை என்றால் துபாய்க்காரருக்கு இன்னும் அதே நாள் பதினொரு மணி. அவர் வேலை முடிந்து வந்து ராத்திரி தொடர்ந்து ஆடியதை, அனலிடிக்ஸ் நம் நேரப்படி "மறுநாளும் வந்தார்" என்று எழுதிவிடும். என் டி1 முதல் மாதம் கொஞ்சம் நன்றாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

முதல் பத்து நிமிடம்

ஆள் ஓடுவது பெரும்பாலும் இங்கேதான். ஏழாம் நாளுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசிக்கிற நேரத்தில் முதல் பத்து நிமிடத்தில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

அளவில் தொடங்குங்கள். ஆப் ஒவ்வொரு 6 எம்பி பெருத்தாலும் இன்ஸ்டால் செய்கிறவர்களின் விகிதம் ஒரு சதவீதம் குறைகிறது என்று கூகுள் ப்ளே 2017-ல் சொன்னது. இப்போது டேட்டா மலிவு, ஆனால் போனில் இடம் மலிவில்லை. கல்யாண வீடியோவும் வாட்ஸ்அப் குட்மார்னிங் படங்களும் நிரம்பிய போனில் "இடம் போதவில்லை" என்று வந்தால் முதலில் தூக்கப்படுவது நம் கேம்தான். நான் மேசைத் துணி டிசைன் எட்டு வைத்திருந்தேன், ஆறைத் தூக்கினேன், ஒருவரும் கேட்கவில்லை.

கேம் நின்றுபோவதும் உறைந்துபோவதும் அடுத்தது. கேம் வெளியிடுகிறவர்களுக்கு கூகுள் தரும் ப்ளே கன்சோலில் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு நாளில் ஆடியவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு கண்ணெதிரே கிராஷ் ஆனாலோ, 0.47 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு கேம் பதில் சொல்லாமல் உறைந்தாலோ கூகுள் அதைக் கெட்ட நடத்தை என்று எடுத்துக்கொண்டு ப்ளே ஸ்டோரில் உங்களைப் பின்னுக்குத் தள்ளலாம். அதாவது பழைய ஆளும் போவார், புதிய ஆளும் வரமாட்டார். குறைந்த விலை போன் ஒன்றைக் கடன் வாங்கியாவது சோதித்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் மொழிகளில் கேம் செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கேம் கட்டும் மென்பொருளான யூனிட்டியில், டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற எழுத்துக் கருவியை வைத்து எழுதினால், அது எழுத்துகளை யூனிகோடு வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. நம் எழுத்துகளுக்கு வேண்டிய இடமாற்றத்தைச் செய்வதில்லை. "வெற்றி" என்று நீங்கள் தட்டச்சு செய்திருப்பீர்கள், திரையில் 'வ'வுக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுகொண்டு றகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஜெயித்தவனுக்கு முதலில் கண்ணில் படுவதே பிழையான வெற்றி. மலையாளத்தில் கூட்டெழுத்துகள் உடைந்து சந்திரக்கலையோடு தனித்தனியாக நிற்கும். தெலுங்கில் அடியில் தொங்கும் ஒத்தெழுத்து, வரி உயரம் போதாமல் பாதி வெட்டுப்படும். எழுத்தை ஒழுங்குபடுத்தும் ப்ளகின் போடுங்கள், அல்லது மாறாத சொற்களைப் படமாகச் செய்து வையுங்கள். நான் இரண்டையும் கலந்து செய்தேன், அழகான வேலை இல்லை, ஆனால் ஓடுகிறது.

மொழியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல். போன் எந்த மொழியில் இருக்கிறதோ அதையே கேமுக்கும் எடுத்துக்கொண்டால் நம் ஊரில் எல்லோருக்கும் ஆங்கிலம்தான் வரும், போன் வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்ததோடு சரி. இருப்பிடத்தை வைத்தும் சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் வீட்டில் தமிழ் பேசி மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் நிறைய. பேசினால் தமிழ், படிக்க மலையாளம். ஆந்திரப் பக்கம் நகரி, சித்தூர் போனாலும் இதே கதை, மலையாளத்துக்குப் பதில் தெலுங்கு. அதனால் முதல் திரையில் மூன்று பொத்தான், ஒவ்வொன்றும் அதனதன் எழுத்தில். கூடவே குரலை எழுத்திலிருந்து பிரித்துவிட்டேன்: எழுத்து மலையாளம், ஏலம் கேட்கும் குரல் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலை, அதற்குக் கிடைத்த நன்றி மற்ற எந்த வசதிக்கும் கிடைக்கவில்லை.

கற்றுக்கொடுப்பதைச் சுருக்குங்கள். 32 சீட்டு, ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒன்று, ஆக மொத்தம் இருபத்தெட்டு என்று ஆரம்பித்து துருப்பைக் கவிழ்த்து வைப்பது வரை ஒன்பது திரைகள் செய்திருந்தேன். விவரம் தெரிந்தவர்கள் எரிச்சலில் போனார்கள், தெரியாதவர்கள் குழப்பத்தில் போனார்கள். இப்போது முதல் கேள்வியே "ஆடத் தெரியுமா?" என்பதுதான். தெரியும் என்றால் நேரே மேசை. தெரியாது என்றால் ஒரு பாதி ஆட்டம், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரி. லாகின் கேட்காதீர்கள், பெயர் கேட்காதீர்கள், போன் நம்பர் கேட்கவே கேட்காதீர்கள்; முதல் ஆட்டம் முடிந்த பிறகு எல்லாம் கேட்டுக்கொள்ளலாம்.

எந்த வகைக் கேமோ அதற்கேற்ற கயிறு

இணையத்தில் படித்துவிட்டு எல்லாக் கேமுக்கும் தினசரி பரிசுப் பெட்டியை மாட்டுகிறார்கள். ஆள் எதற்காகத் திரும்பி வருகிறார் என்பது கேமின் வகையைப் பொறுத்தது.

புதிர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் வந்த கேண்டி க்ரஷ் ஐந்து உயிர் கொடுக்கிறது, போன உயிர் ஒன்று திரும்ப முப்பது நிமிடம். ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் ஒரு முறை, மதிய சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, ராத்திரி படுக்கையில் ஒரு முறை என்று நாளில் பல தடவை எட்டிப் பார்க்கிறவருக்கான கணக்கு அது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி "அப்புறம் வா" என்று சொல்வதே அங்கே கயிறு. வேர்டில் (Wordle) என்ற சொல் விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போய், நாளுக்கு ஒரே ஒரு புதிர், எல்லோருக்கும் அதே புதிர் என்று வைத்தது; வந்தவர்கள் தீர்த்ததும் விடை தெரியாமல் மறைத்து நண்பர்களுக்கு அனுப்பிக் காட்டினார்கள், அதுவே அடுத்தவருக்கு அழைப்பாகப் போனது.

கதாபாத்திரம் சேர்த்து வளர்க்கும் வகையில் வேறு கடிகாரம். கென்ஷின் இம்பாக்டில், பரிசுகளை எடுக்கச் செலவாகும் ரெசின் என்ற ஒன்று எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக நிரம்பும். முன்பு உச்சவரம்பு 160, அதாவது 21 மணி 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். நாளுக்கு ஒருமுறை மட்டும் வருகிறவருக்கு தினமும் கொஞ்சம் வீணாகும். 2024-ல் அதை 200 ஆக்கினார்கள், நிரம்ப 26 மணி 40 நிமிடம். இப்போது நேற்று எட்டு மணிக்கு ஆடியவர் இன்று பத்து மணிக்கு வந்தாலும் ஒன்றும் போகாது. இருபத்து நான்கு மணிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் வேலைக்குப் போகிறவனை மதிக்கிற விஷயம். உங்கள் கேமில் எந்தக் கடிகாரம் வைத்தாலும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

துப்பாக்கிச் சண்டை வகையில் குறிப்பிட்ட காலத்துக்கான சீசன், அந்தச் சீசனின் பரிசுகளுக்கான பாஸ், கூடவே ஆடும் அணி. அதிலும் அணிதான் முக்கியம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை ஆனபோது எங்கள் தெருப் பையன்கள் அணி அணியாகத்தான் வேறு கேமுக்கு மாறினார்கள், தனியாக யாரும் மாறவில்லை. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்ததும் அதே அணி அப்படியே திரும்பியது. கேமுக்கு அவர்கள் விசுவாசம் இல்லை, ஒருவருக்கொருவர் விசுவாசம்.

ஒரே தட்டலில் ஆடும் சில்லறைக் கேம்களுக்கு ஏழாம் நாளைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. அவற்றின் ஆயுளே அவ்வளவுதான், முதல் நாளில் ஒருவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பாருங்கள்.

சீட்டு, லூடோ, கேரம், தாயம் போன்றவை எதிர்ப்பக்கம். புதிதாகச் சேர்க்க லெவல் எதுவும் இல்லை, ஆட்டம் எப்போதும் அதே ஆட்டம். 2016-ல் வந்த லூடோ கிங் 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு போனதற்குக் காரணம் அதில் இருந்த புதுமை இல்லை, வெவ்வேறு ஊரில் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார முடிந்ததுதான். இந்த வகையில் ஆள் வருவது எதிரே உட்காரும் ஆளுக்காக. ஆகவே உங்கள் வேலை எதிரே ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

காலி மேசை

புதுக் கேமில் மொத்தமே கொஞ்சம் பேர். அவர்கள் இருபத்து நான்கு மணி நேரத்தில் சிதறி வந்தால் யாருக்கும் மேசை அமையாது. நான் செய்தது: கணினியோடு ஆடுவது எப்போதும் உண்டு, ஆனால் ஆளோடு ஆடும் மேசை சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை மட்டும். கடை மாதிரியே. வளைகுடாக்காரர்களுக்காக இன்னொன்று, நம் நேரம் பத்தரை மணிக்கு. துபாயில் ஒன்பது, சவூதியில் எட்டு. கதவைச் சுருக்கியதும் கூட்டம் தெரிந்தது. ஆள் பெருகியபின் நேரத்தை அகட்டிக்கொள்ளலாம்.

கணினி ஆடும்போது அது கணினி என்று சொல்லிவிடுங்கள். பொய்ப் பெயர், பொய்ப் படம் வைத்து ஏமாற்றினால் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நிஜ ஆளையும் நம்பமாட்டார்கள்.

நான்கு பேர் ஆட்டத்தில் ஒருவருக்கு சிக்னல் போனால் கெடுவது மூவரின் ஆட்டம். நெல்லியாம்பதி ஏறும் பஸ்ஸில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு ஏலம் கேட்டுவிட்டு மலை மறைவில் காணாமல் போவார், மற்ற மூவரும் என்னைத்தான் திட்டுவார்கள். அறுபது வினாடி காத்திருப்பு, அதற்குள் வராவிட்டால் கணினி அவர் கையை ஆடும், அவர் எப்போது திரும்பினாலும் அதே இடத்தில் உட்காரலாம். இதைச் செய்வதற்கு முன் வேறு எந்த அலங்காரமும் செய்யாதீர்கள்.

குணுக்கைக் கொண்டுவந்தது

தோற்ற ஜோடியின் படத்தில் ஒரு குணுக்கைத் தொங்கவிட்டேன். யாரிடம் தோற்றார்களோ அவர்களை ஜெயித்தால் மட்டுமே கழலும். எழுதி முடித்த அன்றைக்கு இதுதான் தங்கச் சுரங்கம் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவர்கள் ஆடும் மேசையில் அது படுதோல்வி. தெரியாதவன் மாட்டிய குணுக்கு வெறும் அவமானம், ஆடிய பெண்கள் சிலர் அன்றைக்கே விட்டுப் போனார்கள், தோற்கடித்த ஆள் திரும்ப எப்போது வருவார் என்றும் தெரியாது. சொந்த நண்பர்கள் அமைத்துக்கொண்ட மேசைக்கு மட்டும் என்று மாற்றியபின்தான் அது கடையில் செய்த வேலையை இங்கேயும் செய்தது. அதிலும் மூன்று நாள் ஆனால் தானாக விழுந்துவிடும். ஒரு ஜோடி ஊருக்குப் போயிருக்கும், வீட்டில் சாவு விழுந்திருக்கும், எல்லாம் உண்டு. தொடர்ச்சி உடைந்தால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்தி வரவழைக்கும் கேம்கள் உண்டு, அவற்றில் தொடர்ச்சி உடைந்த நாளில் ஆள் நிம்மதியாக விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது நாள் சேர்த்ததை ஒரு காய்ச்சலில் இழந்தவன் எதற்குத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்?

நோட்டிஃபிகேஷன்

2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்டாக வேண்டும், "வேண்டாம்" என்று அழுத்திவிட்டால் திரும்பக் கேட்பது கடினம். கேமைத் திறந்ததும் கேட்காதீர்கள். முதல் முறை ஜெயித்து முகம் மலர்ந்திருக்கும்போது, அல்லது நண்பரை மேசைக்கு அழைத்துவிட்டுக் காத்திருக்கும்போது, "அவர் வந்தால் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள்.

"உங்களை மிஸ் பண்ணுகிறோம்" வகையறா வேண்டவே வேண்டாம். ஒரு சீட்டுக் கட்டு யாரையும் மிஸ் பண்ணுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். "மேசையில் மூன்று பேர் ஆச்சு, ஒரு கை குறைகிறது" என்பதைப் படித்தால் கை தானாகப் போகும், ஏனென்றால் அது உண்மைத் தகவல். நாளுக்கு ஒன்று, அதுவும் அவர் வழக்கமாக ஆடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

ஊருக்கு ஊர்

பண்டிகையைக் கவனியுங்கள், ஆனால் எதிர்ப்பக்கமாகவும் கவனியுங்கள். ஓணம் விடுமுறையில் பாலக்காட்டில் ஆட்டம் கூடும் என்று நினைத்து ஏகப்பட்ட ஏற்பாடு செய்தேன், திருவோணத்தன்று மேசை காலி. எல்லோரும் வீட்டில் நிஜச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கூடியது அதற்கு அடுத்த வாரம், வந்த சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பியபின். அதனால் இப்போதெல்லாம் பண்டிகை நாளில் செய்வது ஒன்றே ஒன்று: கூடியிருப்பவர்கள் ஒரே அறையில் க்யூஆர் காட்டி ஒரு நிரந்தர மேசை அமைத்துக்கொள்ள வழி. பிரிந்தபின் அது தானே வேலை செய்யும். விஷுவும் தமிழ்ப் புத்தாண்டும் ஏப்ரல் நடுவில் ஒட்டியே வருகின்றன, உகாதி அதற்கு முன்னால், சங்கராந்தியும் பொங்கலும் ஜனவரி நடுவில். மூன்று மாநிலத்துக்கும் ஒரே பட்டியல் போடாமல் மொழி வாரியாகப் பிரித்து வையுங்கள்.

பணம் வைத்து ஆடுவதைத் தொடாதீர்கள். ஆந்திரா 2020-லேயே ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை போட்டது, தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது, கேரளா 2021-ல் ஆன்லைன் ரம்மிக்குப் போட்ட தடையை அந்த வருடமே உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வாளையாறைத் தாண்டினால் அதே சீட்டுக்கு வேறு சட்டம் என்று கொஞ்ச காலம் இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுக்கப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்கிறது. உங்கள் கேமில் காயின் இருந்தால் அது எந்த வழியிலும் பணமாகத் திரும்பக்கூடாது.

வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கங்கே உள்ளதையும் பாருங்கள். ஜப்பானில் 2012-லேயே கம்ப்ளீட் காச்சா என்ற முறையை, அதாவது குலுக்கலில் விழும் பொருட்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பரிசு என்பதை, சட்டவிரோதம் என்றார்கள். பெல்ஜியத்தில் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸை, அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியை, சூதாட்டக் கணக்கில் சேர்த்தார்கள், சில கேம்கள் அந்த நாட்டை விட்டே போயின. சீனாவில் 2021 செப்டம்பரிலிருந்து பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டுமே அனுமதி; அங்கே ஒரு பையனின் டி1-ஐ எண்ணினால் என்ன அர்த்தம் வரும் என்று யோசியுங்கள். இந்தியாவிலும் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, அவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்பதற்கும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

விளம்பரம் எங்கே

முழுத்திரை விளம்பரத்தை ஆட்டம் தொடங்கும்போது காட்டக்கூடாது, பதினைந்து வினாடிக்குமேல் மூட முடியாமல் வைக்கக்கூடாது என்று கூகுள் ப்ளே 2022-லிருந்தே விதி வைத்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் முதல் இரண்டு நாள் ஒன்றும் காட்டாமல் விடுங்கள். ஆட்டம் முடிந்து புள்ளிகளைப் பார்த்தபின் காட்டுங்கள், தோற்றவருக்குக் காட்டாதீர்கள். ஏற்கெனவே கடுப்பில் இருக்கிறவர் கையில் சோப்பு விளம்பரத்தைக் கொடுத்தால் போனையே வீசுவார். தானாக விரும்பிப் பார்த்துப் பரிசு வாங்கும் விளம்பரத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

மாற்றினால் ஒவ்வொன்றாக

ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக் இருந்தால் புது அப்டேட் போடாமலேயே பாதிப் பேருக்கு ஒரு மாதிரி, மீதிப் பேருக்கு வேறு மாதிரி காட்டிப் பார்க்கலாம். ஆனால் சின்ன எண்ணை நம்பிக் குதிக்காதீர்கள். இந்தப் பக்கம் நூறு பேர், அந்தப் பக்கம் நூறு பேர். இங்கே டி1 முப்பது, அங்கே முப்பத்து நான்கு என்றால் அது ஒன்றுமே இல்லை, காசைச் சுண்டியதுபோல்தான், நாளைக்கே திரும்பிவிடும். பக்கத்துக்கு ஆயிரம் பேர் வைத்து அதே நான்கு சதவீத வித்தியாசம் வந்தால் நம்பத் தொடங்கலாம். ஆயிரம் பேர் இல்லாதவர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள், டெஸ்டில் நேரம் போக்குவதைவிட விட்டுப்போனவரை நேரில் கேட்பது மேல்.

நான் கேட்டேன். கடையில் எப்போதும் சுவரோரம் உட்காரும் பெரியவர், முதல் நாளே என் கேமை அழித்தவர். எழுத்து சிறியதா, விளம்பரம் தொந்தரவா என்று நானே பதில்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங் தம்பி. உன்ற சீட்டு இடப்பக்கமாச் சுத்துது. நாங்க எந்தக் காலத்துல இடப்பக்கம் போட்டோம்?"

ரம்மிக்கென்று யாரோ எழுதி வைத்திருந்த கோட் (code) ஒன்றை எடுத்து அதன்மேல் கட்டியிருந்தேன், அது கடிகாரச் சுற்றில் ஓடியது. இருபத்தெட்டில் சீட்டு போடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாகத்தான். அத்தனை நாள் நானே ஆடியிருக்கிறேன், எனக்குக் கண்ணில் படவில்லை. ஒரு வரியில் கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினேன், அன்றைக்கு ராத்திரியே அவர் போனில் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார். மற்ற நாட்களில் கடையில் நான்காவது கை கிடைத்துவிடுகிறது.